கருமுகன் கேட்ட கேள்வி

மூங்கிலாற்றுத் துறையில் முப்பது விலங்குகள் காவல் வேலை பார்த்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அடர்ந்த காடு. அந்தப் பக்கம் புல்வெளியும் உப்பு மண்ணும். மான்களும் காட்டுப்பன்றிகளும் முயல்களும் மேய்ச்சலுக்கு ஆற்றைக் கடந்தாக வேண்டும். காவலர்கள் மரத்திலும் மேட்டிலும் இருந்து தண்ணீரைப் பார்ப்பார்கள். கடக்கலாம் என்றால் நீளமாக ஒரு குரல் கொடுப்பார்கள். கூடாது என்றால் வெட்டி வெட்டி மூன்று குரல். அந்தக் குரலை நம்பித்தான் காடு ஆற்றில் கால் வைத்தது.

காவலர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். நட்டாற்றில் ஆமை போல ஒரு பாறை கிடந்தது. அதன் முதுகு வெளியே தெரிந்தால் கடக்கலாம். முழுகிவிட்டால் கடக்கக் கூடாது. பல ஆண்டுகளாக இந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

நீரோட்டம் பார்க்கும் வேலை சுழலி என்ற நீர்நாயுடையது. விடிந்ததும் ஆற்றில் இறங்கி, குறுக்கே ஒருமுறை நீந்தி, தண்ணீரின் இழுவை எப்படி என்று வந்து சொல்வாள். ஆற்றைப் பற்றி அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவளுக்கு மிகுந்த கவனம் உண்டு.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை கொட்டியது. மலையில் ஆடுதாண்டி இடுக்கு என்ற இடத்தில் ஒரு சரிவு அப்படியே பெயர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. மண்ணும் பாறையும் மரங்களும் குறுக்கே கிடந்தன. ஆறு அவற்றின் அடியில் புகுந்து கசிந்து ஓடியது.

மழை விட்டதும் சுழலி அரைநாள் நீந்தி அங்கே பார்க்கப் போனாள். அவள் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஆறு வற்றத் தொடங்கியது. கண்ணெதிரே தண்ணீர் இறங்கியது. மீன்கள் சேற்றில் கிடந்து துடித்தன. சுழலிக்கு ஒரே கொண்டாட்டம். ஆற்றை மறந்தாள், வந்த வேலையை மறந்தாள். ஒரு மீனைக் கடித்தாள், அடுத்த மீனுக்குத் தாவினாள். மேலே ஏதோ உறுமும் சத்தம் கேட்டபோதும் வாயில் மீனோடுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அடைப்பு உடைந்து, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே சுவராக வந்தது. ஒரு தாழை வேரைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தாள். வலது காது கிழிந்துபோனது. அந்த வெள்ளம் துறையைக் கடந்தபோது இருட்டிவிட்டதால் அங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. சரிந்த பாறைகள் இன்னும் குறுக்கேதான் கிடக்கின்றன; இலையும் கட்டையும் சேர்ந்து மறுபடி அந்தக் கசிவை அடைத்துவிட்டால் கீழே ஆறு வற்றும். அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டே போகும். தாங்க முடியாதபோது உடையும். அதனால் இனிமேல் ஆறு திடீரென்று குறைந்தால் அதுதான் பெரிய ஆபத்து. ஆமைப்பாறைக் கணக்கு இனிச் செல்லாது.

துறைக்கு வந்ததும் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். துறைக்குத் தலைவர் திமிலன் என்ற காட்டெருமை. நல்லவர். ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"காதுல என்ன காயம்?" என்று கேட்டார்.

"முள்ளு கிழிச்சிடுச்சுங்க" என்றாள் சுழலி.

ஆற்றை அறிந்தவள் என்று பெயர் வாங்கியவள், மீனுக்கு ஆசைப்பட்டு ஆற்றிடம் ஏமாந்தாள் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பகுதியை மட்டும் விழுங்கிவிட்டாள்.

"அப்படின்னா முப்பது பேருக்கும் புதுக் கணக்கைச் சொல்லிக் குடுத்துடு. உன்னைவிட இதுக்கு வேற ஆளு கிடையாது" என்றார் திமிலன்.

மறுநாள் மதியம் புங்கமரத்து நிழலில் வகுப்பு தொடங்கியது. காலைக் காவல் முடிந்து களைத்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். சுழலி எழுந்து நின்று, "ஆறு குறைந்தால் கடக்கக் கூடாது. மூன்று குரல் கொடுத்துவிட்டு மேட்டில் ஏற வேண்டும்" என்றாள்.

முதல் நாள் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் கரடி குறட்டை விட்டது. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக் கிழங்கு தேடியது. "எங்களுக்குத் தெரியாத ஆறா?" என்று முள்ளம்பன்றி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது சுழலியின் காதில் விழுந்தது. ஐந்தாம் நாள் பதினோரு பேர்தான் வந்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் கருமுகன். நீளவால் குரங்கு. ஆற்றங்கரை மருதமரத்தின் உச்சிதான் அவனுடைய காவலிடம். துறை முழுவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக அவன் கொடுத்த குரல் ஒன்றுகூடத் தவறியதில்லை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகும் அவன் உட்கார்ந்தே இருந்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"தண்ணி கூடினா ஆபத்து. அது புரியுது. குறைஞ்சா எப்படி ஆபத்து? நானும் அஞ்சு நாளா யோசிக்கிறேன். மண்டைக்குள்ள ஏறவே மாட்டேங்குது."

"மேல அடைச்சுக்கும். அப்புறம் உடையும்."

"நீங்க பார்த்தீங்களா அக்கா? உடையும்போது அங்க இருந்தீங்களா?"

சுழலியின் கிழிந்த காது லேசாகத் துடித்தது.

"எனக்குத் தெரியும். அது போதாதா? சொன்னதை ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கிப் போய்விட்டாள்.

கருமுகன் அதோடு விடவில்லை. மறுநாள் தலைவர் இருக்கும்போதே வந்து கேட்டான். "ஐயா, எங்களை அந்த இடுக்குக்கு ஒருதரம் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. கண்ணால பார்த்தா மனசுல நிக்கும்."

"போக அரைநாள், வர அரைநாள்" என்றார் திமிலன். "அதுவரைக்கும் துறையை யாரு பார்க்கிறது? நீ என்ன சொல்ற சுழலி?"

கொஞ்சம் கொஞ்சமாக அழைத்துப் போகலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஐந்து ஐந்து பேராகப் போனால் காவல் குறையாது. ஆனால் அங்கே போனால் அந்தத் தாழை வேரைக் காட்ட வேண்டும். எப்படித் தப்பித்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

"வேண்டாங்க. இங்கேயே சொல்லிக் குடுத்துடலாம்" என்றாள்.

கருமுகன் தலையாட்டிவிட்டு மரமேறிப் போனான்.

வகுப்புக்கு ஆள் வராததுதான் திமிலனுக்குப் பெரிய கவலை. அவர் தோகையன் என்ற மயிலைக் கூப்பிட்டு அனுப்பினார். காட்டில் எந்த விசேஷமானாலும் ஆட்டமும் பாட்டும் தோகையன் பொறுப்புதான்.

தோகையன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு சுழலியிடம் வந்தான்.

"விஷயம் நல்ல விஷயம்தான். ஆனா நீ சொல்றது வறண்டு கிடக்கு. யாரு உட்காருவா? ஒரு பாட்டு கட்டித் தர்றேன். கூடவே ரெண்டு அடி ஆட்டம். நல்லாப் பாடினவங்களுக்கு என் இறகுல ஒண்ணு. அப்புறம் பாரு."

அவன் கட்டிய பாட்டு இது:

ஆறு நிறைந்தால் அப்புறம் போ,
ஆறு குறைந்தால் அங்கேயே நில்,
சேறு மணத்தால் மேட்டில் ஏறு,
சேர்ந்து நாமெல்லாம் செப்பிடுவோம்!

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளே இருபது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் முப்பது பேரும் வந்தார்கள். 'அங்கேயே நில்' என்ற இடத்தில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்று சுற்ற வேண்டும். கரடி சுற்றும்போது தடுமாறி விழும். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். வேலை இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். நன்றாகப் பாடியவர்கள் இறகு வாங்கிக் காதிலும் வாலிலும் செருகிக்கொண்டு திரிந்தார்கள்.

திமிலன் அசந்துபோனார். "முப்பதுக்கு முப்பது. ஒருத்தர்கூடத் தூங்கலை. இதுதான் படிப்பு" என்றார்.

சுழலிக்கும் உள்ளம் குளிர்ந்தது. இத்தனை முகங்கள் தன்னைப் பார்த்துச் சிரித்து அவள் கண்டதில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுகூட அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

கருமுகன் மட்டும் முதலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மந்தாரை, "என்ன இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க பாருங்க" என்றாள். அவனும் எழுந்து ஆடினான். மரத்தில் தாவிப் பழகிய உடம்பு. தாளம் சுலபமாக வந்தது. மூன்று வாரத்தில் மூன்று இறகு வாங்கினான். அத்தனை இறகு வேறு யாரும் வாங்கவில்லை.

மூன்றாவது இறகு வாங்கிய அன்று அவன் மறுபடியும் சுழலியிடம் வந்தான்.

"அக்கா, பாட்டு நல்லா வருது. கண்ணை மூடிக்கிட்டுப் பாடுவேன். ஆனா அந்த ரெண்டாவது வரி இன்னும் எனக்கு வெறும் பாட்டாத்தான் இருக்கு. எவ்வளவு குறைஞ்சா நிக்கணும்? கோடையிலதான் தினமும் குறையுதே. அப்பவும் நிக்கணுமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் அவளிடம் இருந்தது. கோடையில் ஆறு நாள்கணக்கில் குறையும். இது ஒரு மரநிழல் நகரும் நேரத்துக்குள் குறையும். மீன்கள் விலகிப் போக நேரமில்லாமல் சேற்றில் மாட்டிக்கொள்ளும். துடிக்கிற மீனைப் பார்த்தால் ஓடு என்று சொன்னால் போதும். ஆனால் மீன் என்ற சொல்லை வாயால் சொல்லவே அவளுக்குக் கூசியது.

அதே நேரம் தோகையன் அவளைக் கூப்பிட்டான்.

"மூணு இறகு வாங்கிட்டு இன்னும் என்ன சந்தேகம் உனக்கு?" என்று கருமுகனின் தோளில் தட்டிவிட்டுப் போனாள் சுழலி.

அதன்பிறகு அவன் கேட்கவில்லை.

சித்திரை வந்தது. துறையில் சுளீரென்று வெயில். மலையில் மட்டும் கோடைமழை. இரண்டு நாளாக ஆறு கலங்கலாக ஓடியது. ஆமைப்பாறை முழுகியிருந்தது. அக்கரைக்குப் போக முடியாமல் ஒரு மான்கூட்டம் இரண்டு நாள் பட்டினியாக நின்றது. கூட்டத்தில் குட்டிகள் அதிகம். தாய்மான்களுக்குப் பால் வற்றிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் புங்கமரத்தடியில் விழா. முப்பது பேரும் கற்று முடித்ததைக் கொண்டாடத் திமிலன் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் துறையில் ஒருவராவது இருந்தாக வேண்டும்.

"நான் இருக்கேன் ஐயா" என்றான் கருமுகன். "மத்தவங்க போகட்டும். எனக்குத்தான் மூணு இறகு ஏற்கெனவே இருக்கே."

திமிலன் சிரித்தார். "இவனைவிட நல்ல ஆள் ஏது?" என்றார். சுழலியும் ஆமென்று சொன்னாள்.

அதற்குப் பிறகு துறையில் நடந்ததை ஒரு பெண்மான் பின்னால் சுழலியிடம் சொன்னது.

வெயில் ஏறும் நேரத்தில் ஆறு இறங்கத் தொடங்கியது. முதலில் ஆமைப்பாறையின் முதுகு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டும் தெரிந்தது. மான்கள் காதை நிமிர்த்தின. பெண்மான் மருதமரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது.

"தம்பி, போகலாமா?"

கருமுகன் வாய்க்குள் ஏதோ பாடினான். 'ஆறு குறைந்தால் அங்கேயே நில்' என்பது பெண்மானுக்குக் கேட்டது. பிறகு அவன் குனிந்து, "கொஞ்சம் பொறு அக்கா" என்றான்.

பொறுத்தார்கள். தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டது. பாறையின் அடி தெரிந்தது. குட்டிகள் பசியில் கத்தின.

"தம்பி, ஆறு வருஷமா உன் குரலைக் கேட்டுத்தான் நாங்க இறங்குறோம். இவ்வளவு கம்மியா தண்ணி இருக்கிறப்போ நீ எங்களை நிறுத்தினதே இல்லையே. என்ன காரணம்னு சொல்லு. நிக்கிறோம்."

கருமுகன் காரணம் தேடினான். அவனிடம் இருந்தது நான்கு வரிப் பாட்டு மட்டும்தான். பாட்டில் காரணம் இல்லை. ஆறு வருஷம் பார்த்துப் பழகிய பாறை, போகலாம் என்றது. பட்டினி கிடந்த குட்டிகள் கீழே நின்று அவனையே பார்த்தன.

அவன் நீளமாக ஒரு குரல் கொடுத்தான்.

அதே நேரத்தில் புங்கமரத்தடியில் தோகையன் பாடிக்கொண்டிருந்தான். ஒரு சரணம் முடிந்து அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் சுழலிக்கு ஏதோ குறைவது போல இருந்தது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது. எப்போதும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆற்றின் இரைச்சல் இல்லை.

அவள் ஓடினாள். நிலத்தில் அவளால் வேகமாக ஓட முடியாது. குட்டைக் கால்கள் தடுக்கித் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். துறைக்கு வந்தபோது ஆற்றுப் படுகை வெறும் சேறாகக் கிடந்தது. பெரிய மான்கள் அக்கரை ஏறிக்கொண்டிருந்தன. குட்டிகள் நடுவில் சேற்றில் கால் புதைந்து நின்றன. கருமுகன் மரத்தை விட்டு இறங்கி வந்து, ஒவ்வொரு குட்டியாகப் பின்னாலிருந்து தள்ளி விட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி எங்கும் மீன்கள் துடித்தன.

"கருமுகா, வெளிய வா! மேல உடையப் போகுது!"

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். காலடியில் துடிக்கும் மீனைப் பார்த்தான். பிறகு ஆறு வரும் திசையைப் பார்த்தான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அரைவருஷ வகுப்பில் எந்த முகத்திலும் சுழலி அப்படி ஒரு மாற்றத்தைப் பார்த்ததில்லை.

உடனே அவன் மூன்று குரல் கொடுத்தான். காடே அதிரும்படி கொடுத்தான். இக்கரையில் இறங்கவிருந்த பாதிக் கூட்டம் அப்படியே நின்றது. அக்கரையில் இருந்தவை மேட்டுக்குப் பாய்ந்தன. இனி அவன் ஓடியிருக்கலாம். நான்கு தாவலில் கரை. ஆனால் மூன்று குட்டிகள் இன்னும் சேற்றில் இருந்தன. ஒன்றைத் தூக்கி அக்கரைப் பாறைமேல் எறிந்தான். அடுத்ததற்குத் திரும்பினான்.

தண்ணீர் வந்துவிட்டது.

சுழலி அதற்குள் பாய்ந்தாள். எங்கே ஆகாயம், எங்கே தரை என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் ஒரு குட்டியின் கழுத்து பட்டது. அதைக் கவ்விக்கொண்டு வெகுதூரம் தள்ளிக் கரையேறினாள். குட்டி இருமியது. பிழைத்துவிட்டது. அதை மணலில் கிடத்திவிட்டு மறுபடியும் இறங்கினாள். இருட்டும்வரை தேடினாள்.

கருமுகனை மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். கீழே ஒரு மூங்கில் புதரில் சிக்கிக் கிடந்தான். ஒரு மான்குட்டியை மார்போடு அணைத்திருந்தான். இரண்டுக்கும் உயிர் இல்லை. அவன் கைகளை விலக்க மந்தாரையால் மட்டும்தான் முடிந்தது.

மூன்றாம் நாள் திமிலன் எல்லோரையும் கூட்டினார். அவர் முகம் வாடியிருந்தது. ஆனால் தலைவர் என்றால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

"நாம எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தோம். முப்பது பேரும் கத்துக்கிட்டாங்க. கருமுகனுக்கு மூணு இறகு. பாட்டு அவனுக்குத் தெரியும்னு அந்த மானே சொல்லுது. தெரிஞ்சும் குரல் குடுத்துட்டான். நல்லவன், என்ன செய்ய? அவன் கவனம் தப்பிடுச்சு. படிப்புல குறை இல்லை."

கூட்டம் தலையாட்டியது. தோகையன் குனிந்து நின்றான். மந்தாரை கூட்டத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சுழலிக்கு ஒரு கணம், இப்படியே முடிந்துவிடட்டும் என்று தோன்றியது. சும்மா இருந்தால் போதும். அவள் பெயர் பெயராகவே இருக்கும். நாளையும் காலையில் ஆற்றில் இறங்கி நீரோட்டம் சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். பழி, செத்தவனோடு போய்விடும்.

அவள் எழுந்தாள்.

"அவன் கவனம் தப்பலை ஐயா" என்றாள். "முப்பது பேர்ல அவன் ஒருத்தன்தான் கவனிச்சான். புரியலைன்னு என்கிட்ட வந்து கேட்டான். ஒருதரம் இல்லை, மூணு தரம். நான் சொல்லலை."

"ஏன் சொல்லலை?" என்று கேட்டார் திமிலன்.

சுழலி சொன்னாள். இடுக்குக்குப் போனதைச் சொன்னாள். ஆறு வற்றியதும் தனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னாள். சேற்றில் துடித்த மீன்களையும், வாயில் மீனோடு நிமிர்ந்து பார்த்ததையும், தாழை வேரையும் சொன்னாள். காது கிழிந்தது முள்ளால் இல்லை என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு எரிந்தது.

கூட்டத்தில் ஒருவரும் தூங்கவில்லை. கரடி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ மீன் துடிச்சா..." என்று முள்ளம்பன்றி தொடங்கியது.

"ஓடணும். பாறையைப் பார்க்காதீங்க. மீனைப் பாருங்க."

"எவ்வளவு நேரத்துல வரும்?"

"நான் ஆறு மீன் தின்னேன். அவ்வளவு நேரம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுழலி ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். வெயில் சாயும்வரை அது நடந்தது. அன்றைக்குத்தான் முப்பது பேரும் அந்தப் பாடத்தைக் கற்றார்கள். முப்பது பேர் என்றா சொன்னேன்? இருபத்தொன்பது பேர்.

திமிலன் கடைசியில், "நாளைக்கே அஞ்சு அஞ்சு பேரா இடுக்குக்குப் போங்க. இங்க நானும் காவலுக்கு நிக்கிறேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன் கேட்டப்பவே நான் இதைச் சொல்லியிருக்கணும்."

எல்லோரும் கலைந்து போனார்கள். மந்தாரை மட்டும் எழுந்து சுழலியின் அருகில் வந்தாள்.

"நான் ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"முதல்நாள் அவர் வந்து கேட்டாரே. அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா, அவர் இன்னிக்கு இருந்திருப்பாரா?"

சுழலியால் இந்தக் கேள்வியிலிருந்தும் நழுவியிருக்க முடியும். விதி என்று சொல்லலாம். ஆற்றை யார் அறிவார் என்று சொல்லலாம். மந்தாரையின் கண்களைப் பார்த்தாள்.

"இருந்திருப்பான்" என்றாள்.

மந்தாரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவளைத் தொட்டுத் தேற்றும் உரிமை தனக்கு இல்லை என்று சுழலிக்குத் தெரியும். ஆனாலும் விட்டுப் போக முடியாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் மருதமரத்துக் காவலை மந்தாரை கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்து வந்த மழைக்காலத்தில் ஆறு இரண்டு முறை வற்றியது. இரண்டு முறையும் அவள் மூன்று குரல் கொடுத்தாள். ஒரு முயல்கூட ஆற்றில் இறங்கவில்லை. சுழலியிடம் அவள் ஆற்றைப் பற்றி மட்டும் பேசுவாள். வேறு எதுவும் பேசியதில்லை. சுழலியும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

கற்றுக்கொடுப்பவர் தம் தவறு வெளியே தெரிந்துவிடுமே என்று அஞ்சிக் கேள்வியைத் தட்டிக்கழித்தால், கேட்டவர் அந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துத்தான் கற்க நேரும்.